பட்டியலில் இல்லாத எண்

பெவர்லி த்ரெல்ஃபாலும் நானும் இங்கிலாந்தின் கடலோர ஊரான ஃப்ளீட்வுட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினேழு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. காய் நறுக்குவது என் வேலை. அடுப்பும் பரிமாறுவதும் அவளுடையது. அவளிடம் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் ஒரு பிள்ளை நகர முடியாது. கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பாள். வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் மசித்த உருளைக்கிழங்கு தட்டில் விழும். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகளுக்குக் கரண்டி கொஞ்சம் தாராளமாகவே இறங்கும்.

கல்யாணம் செய்து ஆறு வருஷத்தில் புருஷன் அவளை விட்டுப் போய்விட்டான். குழந்தை இல்லை. அம்மா எட்னா 2009-இல் தவறிவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டு தெரு தள்ளித் தனியாக வாழ்ந்த அப்பா க்ளிஃபர்ட். முப்பத்து நாலு வருஷம் டிராம் ஓட்டியவர். நான் சொல்லப் போகிற காலத்தில் எண்பதைத் தாண்டியிருந்தார். ஆனாலும் தினமும் சவரம் செய்து, டை கட்டிக்கொண்டுதான் பேப்பர் வாங்கப் போவார். அவரை நானும் "அப்பா" என்றுதான் கூப்பிடுவேன். பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராது. "எங்கிருந்தோ ஒரு மகள் கூடுதலா வந்து சேர்ந்தா, சாப்பாட்டுச் செலவு இல்லாம" என்று சிரிப்பார்.

ஒரு மகனும் இருந்தான். நீல், பெவர்லிக்கு இரண்டு வயது மூத்தவன். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தவன், படகுகள் குறைந்ததும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு சுரங்கத்தில் லாரிகளைப் பழுது பார்க்கிற வேலை. மனைவி லீயேன், இரண்டு மகன்கள். அம்மாவின் சாவுக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். க்ளிஃபர்ட் டெலிபோனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உங்கம்மாவுக்கு வராதவன் எனக்கும் வர வேணாம். இனிமே கூப்பிடாத." அவனும் அப்பனுக்குப் பிறந்தவன்தானே, கூப்பிடவில்லை. பெவர்லியும் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

நான் சொல்ல வந்தது 2018-இல் நடந்தது. பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு க்ளிஃபர்ட் வீட்டு டெலிபோன் அடித்தது. பேசியவன் தன் பெயர் ரயன் என்றான். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னான். "சார், உங்க கம்ப்யூட்டருக்குள்ள யாரோ நுழைஞ்சிருக்காங்க. எங்களுக்கு இங்க சிவப்பு விளக்கு எரியுது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா உள்ள இருக்கிறது எல்லாமே அழிஞ்சிடும்."

க்ளிஃபர்டிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. நாலு வருஷத்துக்கு முன் வாங்கினார். பழைய டிராம் படங்கள் பார்ப்பதற்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லாமே அழிந்துவிடும் என்ற பேச்சில்தான் அவர் பயந்துபோனார். ரயன் சொன்ன இடத்தைத் தொட்டார், சொன்னதைத் தட்டினார். திரையில் சிவப்புக் குறிகளாக ஒரு நீளப் பட்டியல் வந்தது. அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற சாதாரணக் குறிப்புதான் என்று பிற்பாடு கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு யார் சொல்வது?

சரி செய்கிறேன் என்று வங்கி விவரங்களையும் வாங்கிக்கொண்டு, ரயன் இரண்டு நாள் அவரை விடவில்லை. மத்தியானம் ஆனதும், "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க சார், நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். அவரும் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, ரொட்டி வாட்டிச் சாப்பிட்டுவிட்டு, அவனைக் காக்க வைக்கக் கூடாதென்று டீயைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். புதன்கிழமை பெவர்லி வழக்கம்போல எட்டிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்லம்மா, சும்மா இருக்கேன்" என்றார். மகளிடம் சொல்ல வேண்டாம், அவள் கம்ப்யூட்டரிலிருந்துதான் இது தொற்றியிருக்கும் என்று ரயன் சொல்லி வைத்திருந்தான். தெரிந்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்று அவர் மறைத்தார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து பெவர்லியோடு நானும் போனேன். க்ளிஃபர்ட் சமையலறையில் கோட்டுப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். வங்கிக்குப் போக எழுந்தவர், எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேமிப்பில் இருந்தது அத்தனையும் போய்விட்டது.

பெவர்லிக்குக் கோபம் வந்தால் முகம் வெளுத்துவிடும்.

"மூளைய எங்க வச்சிருந்தீங்கப்பா? எவனோ முகம் தெரியாதவன் கூப்பிட்டான்னு வீட்டையே தொறந்து விட்டுருக்கீங்க. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"அவன் ரொம்ப நல்லாப் பேசினாம்மா" என்றார்.

"நல்லாத்தான் பேசுவான். அதானே அவன் தொழிலு."

அவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பற்றிப் பிற்பாடு பெவர்லி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். போன பணத்துக்கு அழுததைவிட அன்று தான் கத்தியதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள்.

அந்த வாரம் நான் கொஞ்சம் பருப்பு சூப் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். உள்ளே உட்கார்ந்து பேசும்போது, பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காத கோமளா. அவன் பேச்சு உன் பேச்சு மாதிரியே இருந்துச்சு. உன்ன மாதிரி மரியாதையா."

"பரவால்லப்பா."

"உன்னச் சொல்லல."

"தெரியும்ப்பா. சூப் ஆறுது, குடிங்க."

எனக்கு வலித்தது என்பது உண்மை. இருபது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன், என் குரலைக் கேட்டு அவர் தயங்கியதில்லை. ஆனால் அவரைவிட எனக்கு அதிகமாக வலித்திருக்காது.

வங்கி கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதோடு ஓயவில்லை. ஒரு தடவை ஏமாந்தவரின் எண்ணை ஒருவனுக்கொருவன் விற்றுக்கொள்வார்களாம். வங்கிப் பாதுகாப்பு என்று ஒருவன், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இன்னொருவன், போலீஸ் என்று மூன்றாமவன். ஒரு நாளைக்குப் பதினெட்டு அழைப்புகள். க்ளிஃபர்ட் அத்தனையையும் எடுத்தார். அடிக்கிற டெலிபோனை எடுக்காமல் இருப்பது அவர் பழக்கத்தில் இல்லை. கிளப்பில் சீட்டாடுகிற வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார். ஒருவர், "க்ளிஃப், என் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ணுது, உன் ஆளு நம்பர் இருந்தாக் குடேன்" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்திருக்கிறார். அப்புறம் போகவில்லை.

பெவர்லி முதலில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தாள். அது சரியாகித் திரும்பியும் அப்பாவிடம் கொடுக்கவில்லை. தன் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர் இரண்டு தடவை கேட்டார். "அது எதுக்குப்பா இப்ப? நிம்மதியா டிவி பாருங்க" என்றாள். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

அடுத்து டெலிபோனோடு இணைக்கிற ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தாள். புது ஆள் யாராவது கூப்பிட்டால் அந்தப் பெட்டி பெயரைக் கேட்கும். பெயரை வீட்டுக்காரருக்குச் சொல்லும். வேண்டுமென்றால் அவர் எடுக்கலாம். க்ளிஃபர்டோ எல்லோருக்கும் சரி என்றே பொத்தானை அமுக்கினார். ஒருநாள் அவள் உள்ளே நுழையும்போது, பணத்தை மீட்டுத் தருகிறவனிடம் தன் பிறந்த தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள். அன்றைக்கே பெட்டியை இறுக்கமான கட்டுப்பாட்டுக்கு மாற்றிவிட்டாள். பட்டியலில் இருக்கும் எண்களுக்கு மட்டும்தான் இனி மணி அடிக்கும். மற்றவர்களிடம் பெட்டி பெயரை வாங்கிக்கொள்ளும், "இவர் உங்களோடு பேச விரும்பவில்லை" என்று சொல்லித் துண்டித்துவிடும்.

பட்டியலை அப்பாவையும் வைத்துக்கொண்டுதான் எழுதினாள். டாக்டர், மருந்துக்கடை, பக்கத்து வீடு, முடி வெட்டுகிறவர், டிராமில் கூட வேலை பார்த்த ஒரு நண்பர், பெவர்லியின் இரண்டு எண்கள், என் எண். எட்டு ஆயிற்று.

"வேற யாருப்பா?"

அவர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். அவர் யாரை நினைக்கிறார் என்று பெவர்லிக்குத் தெரிந்துதான் இருந்தது. அவளாக அந்தப் பெயரை எடுக்கவில்லை. அண்ணன் என்ன எண்ணில் இருக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது.

"வேற யாருமில்ல" என்றார் கடைசியில்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. ரயன்களும் வங்கிக்காரர்களும் அடங்கினார்கள். பெவர்லி சமையலறையில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். "இப்பதான் கோமி எனக்குத் தூக்கம் வருது" என்றாள். க்ளிஃபர்டின் வீடு மட்டும் ரொம்ப அமைதியாகிவிட்டது. நான் போன ஒரு மத்தியானம் அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"என்னப்பா?"

"லைன் இருக்கான்னு பாத்தேன். இருக்கு."

கோடை விடுமுறை முடிந்து, அக்டோபர் இரண்டாவது வாரம். பரிமாறி முடித்துப் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, "பெவ், உனக்கு போன். ஆஸ்திரேலியாவுலேர்ந்து, உன் குடும்பத்து ஆளுங்கறாங்க" என்றாள். பெவர்லி ஈரக் கையோடு போனாள். நானும் டிரேக்களை வைக்க அந்தப் பக்கம் போனேன். அவள் ரிசீவரை வாங்கி இரண்டு நொடி கேட்டாள். "இந்தக் கதையெல்லாம் எங்ககிட்ட வேணாம். வேலை பாக்கற இடத்துக்கே கூப்பிட ஆரம்பிச்சாச்சா? போனை வை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரு?" என்றேன்.

"ஏதோ ஒரு பொம்பள. நீல் பேரெல்லாம் கத்து வச்சிருக்கா. அப்பா கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்திருப்பாங்க."

உடனே மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அலுவலகப் பெண் எடுத்து, கேட்டுவிட்டு, பெவர்லியிடம் நீட்டினாள். "இது அந்த மாதிரி கால் இல்ல பெவ். நீ உக்காந்து பேசு."

அது லீயேன்தான். நீல் சனிக்கிழமை இறந்துவிட்டான். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து ஒன்பது வாரம்தான் இருந்தான்.

பெவர்லி உட்கார்ந்தாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த சோப்பு நுரை மேஜைமேல் சொட்டியது. பிறகு கேட்டாள், "ஏன் எங்களுக்குச் சொல்லல லீயேன்? அப்பாவுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அங்கிருந்து வந்த பதிலை அவள் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்.

"சொல்லாம இருந்தானா? கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தான் பெவர்லி. அந்த வீட்டு நம்பர் ஒண்ணுதான் அவனுக்கு மனப்பாடம். ஏதோ ஒரு மெஷின் பேரக் கேக்கும். 'நீல், அவரோட மகன்'னு சொல்வான். அவர் பேச விரும்பலைன்னு சொல்லிக் கட் ஆயிடும். ஒவ்வொரு தடவையும் அப்படியே சொன்னான். கடிதம் எழுதலாம்னு நான் சொன்னேன். பேரச் சொல்லியும் வேணாங்கறாரு, கடிதத்த மட்டும் பிரிச்சுப் பாப்பாரான்னு கேட்டான். சாகிற வரைக்கும், அப்பா மனசு மாறலன்னுதான் நெனச்சான்."

பள்ளியிலிருந்து நேராக க்ளிஃபர்ட் வீட்டுக்குப் போனோம். மகன் போன செய்தியை அவள் சொன்னாள். மற்றதை அவளால் அன்று சொல்ல முடியவில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். "அம்பத்தாறு வயசு" என்றார். "அவனுக்கு அம்பத்தாறு வயசுதானே ஆகுது." பெவர்லி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் பேப்பர் வாங்கப் போன சமயம், நடையில் இருந்த அந்தப் பெட்டியை அவள் திறந்து பார்த்தாள். விரட்டியடித்த எண்களையெல்லாம் அது தேதியோடு சேர்த்து வைத்திருந்தது. நூற்றுக்கணக்கில் கண்ட கண்ட எண்கள். அவற்றின் நடுவே ஆஸ்திரேலியாவுக்கான அறுபத்தொன்றில் ஆரம்பிக்கும் ஓர் எண், ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. எண்ணிப் பார்த்தாள். பதினாலு. கடைசி வாரத்தில் மட்டும் நாலு.

மூன்று நாள் அதை மனசிலேயே வைத்திருந்தாள். சமையலறையில் கரண்டி பிடித்தபடியே நிற்பாள், பிள்ளைகள் நன்றி சொல்லிவிட்டுக் காத்திருக்கும்.

"அவர்கிட்டச் சொன்னா செத்துடுவாரு கோமி. சொல்லலைன்னா நான் செத்துடுவேன். என்ன பண்ணட்டும்?"

"மறைச்சு வச்சதாலதானே பெவ் அன்னிக்கு அந்த ரயன்…" என்று ஆரம்பித்தவள், அங்கேயே நிறுத்திக்கொண்டேன். சொன்னது பாதி என்றாலும் அவளுக்குப் புரிந்தது. "அவர்தான் என்கிட்ட மறைச்சாரு. இப்ப நான் அவர்கிட்ட" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள். நானும் இருந்தேன், அவள்தான் இருக்கச் சொன்னாள். அவள் ஒன்றையும் விடவில்லை. பெட்டி சொன்னது, அவன் சொன்ன பெயர், அவன் நினைத்துக்கொண்டது. க்ளிஃபர்ட் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தன தடவ?"

"பதினாலுப்பா."

"பதினாலு தடவையா கூப்பிட்டான்?"

"ஆமாப்பா. நான்தான் அந்தப் பெட்டிய… நான்தான் மாத்தி வச்சேன்."

அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதை நாங்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒன்பது வருஷமா அவன் என்ன மறந்துட்டான்னு நெனச்சிருந்தேன். பதினாலு தடவ கூப்பிட்டிருக்கான்." கர்ச்சீப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "வேற யாருன்னு நீ கேட்டப்ப நான் அவன் பேரச் சொல்லியிருக்கணும் பெவ். வாய் வரைக்கும் வந்துச்சு. நீ என்ன நெனப்பியோன்னு விட்டுட்டேன்."

"எனக்கும்தாம்ப்பா வந்துச்சு. நீங்க என்ன நெனப்பீங்களோன்னு…"

அப்போதுதான் கம்ப்யூட்டர் விஷயமும் வெளியே வந்தது. லீயேன் தன் இணையப் பக்கத்தில் பிள்ளைகளின் படங்களைப் போடுவாளாம். கூடைப்பந்து ஆடுவது, மீன் பிடிப்பது, பெரியவன் முதல் கார் வாங்கியது. நாலு வருஷமாகத் தினமும் காலையில் க்ளிஃபர்ட் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் அழிஞ்சிடும்னு அந்தப் பய சொன்னாம்மா. அதான் அவன் சொன்னதையெல்லாம் செஞ்சேன்" என்றார். பெவர்லி அந்த நிமிஷமே வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நீல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகன்களுக்கு நடுவே சாய்ந்திருக்கும் படம் ஒன்று ஆகஸ்டில் போடப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அவரிடம் இருந்திருந்தால் அதை அன்றைக்கே பார்த்திருப்பார்.

பெட்டியை எடுத்துவிடுகிறேன் என்று பெவர்லி சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். பழையபடி பெயரைக் கேட்டுச் சொல்கிற மாதிரி மட்டும் மாற்றச் சொன்னார். லீயேனின் எண்ணையும் இரண்டு பேரன்களின் எண்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். தெரியாத பெயர் வந்தால் அவர் பொத்தானைத் தொடாமல் மகளைக் கூப்பிட்டுக் கேட்பார். ஒருத்தன் "கம்ப்யூட்டர் பிரிவு" என்று சொன்னபோது, பெயர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அப்புறம்தான் மறுத்தாராம். "யாரா இருந்தாலும் சொல்றத முழுசாக் கேட்டுடணும்" என்றார்.

க்ளிஃபர்ட் அதற்குப் பின் ஒன்றரை வருஷம் இருந்தார். ஞாயிறு காலைகளில் லீயேனோடும் பேரன்களோடும் பேசினார். அவர்கள் பேசுவது வேகமாக இருக்கிறது, பாதிதான் புரிகிறது என்பார். மகனைப் பற்றிய சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார். தலை நரைத்திருந்ததா, டீயில் இன்னும் மூன்று ஸ்பூன் சர்க்கரைதானா என்று. அம்மாவின் சாவுக்கு அவன் ஏன் வரவில்லை என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. லீயேனும் சொல்லவில்லை.

பெவர்லி இப்போது வேலையை விட்டுவிட்டாள், முழங்கால் வலி. நான் வாரம் ஒருமுறை போவேன். போன மாதம் பேச்சு எப்படியோ அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஒண்ணு சொல்லட்டுமா கோமி. மறுபடியும் அதே மாதிரி வந்தா, ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேரு அவரப் பிச்சுத் தின்ன வந்தா, நான் திரும்பவும் அதத்தான் செய்வேன். வேற எதச் செய்ய? எப்படி யோசிச்சாலும் அங்கதான் வந்து நிக்குது."

அவள் எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.